வணிக, கணக்கியல் கட்டுரைகளை நூலகத் தரவுத்தளங்களில் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தின் உதவி மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: “எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், என் தலைப்பில் கட்டுரையே இல்லை.” பக்கத்தில் உட்கார வைத்து, என்ன தட்டினார்கள் என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கட்டுரை இருக்கிறது. அதை எழுதியவர் பயன்படுத்திய சொல்தான் தேடியவரிடம் இல்லை. கீழே உள்ள கேள்விகளில் பாதி, சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து சேரும்.

இந்தத் தரவுத்தளங்களில் ஆங்கிலச் சொற்களைத்தான் தட்ட வேண்டும். அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

கூகுளில் கிடைக்காததா தரவுத்தளத்தில் கிடைத்துவிடப் போகிறது?

கிடைக்கும். கணக்கியல் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறக்கும். கூகுள் உங்களை வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும். உள்ளே நுழையக் காசு கேட்பார்கள். அந்தக் காசை உங்கள் நூலகம் ஏற்கெனவே கட்டியிருக்கக்கூடும். நூலகத்தின் வழியாக உள்நுழைந்தால் அதே கட்டுரை இலவசமாகத் திறக்கும்.

அதற்காக, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரை ஒதுக்கச் சொல்லவில்லை. தலைப்பு தெரிந்த கட்டுரையைப் பிடிக்க அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. அதன் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற பகுதிக்குப் போய் உங்கள் நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால், சந்தா உள்ள கட்டுரைகளுக்கு அங்கிருந்தே வழி காட்டும். ஆனால் “தணிக்கை என்ற பொருளில், மதிப்பாய்வு செய்யப்பட்ட இதழ்களில் மட்டும் தேடு” என்று அதனிடம் சொல்ல முடியாது. (துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஆய்வுக் கட்டுரையை வெளியிடுவதுதான் மதிப்பாய்வு.) தலைப்பு தெரியாமல் துழாவும் நிலையில் இருப்பவருக்கு அந்த வடிகட்டிதான் முக்கியம்.

எந்தத் தரவுத்தளத்தில் தொடங்குவது? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

இரண்டில் ஒன்றில் தொடங்குங்கள். எப்ஸ்கோ நிறுவனத்தின் பிசினஸ் சோர்ஸ், அல்லது புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் ஏபிஐ/இன்ஃபார்ம். வணிகத்துக்கென்றே அமைந்த பெரிய தரவுத்தளங்கள் இவை. உங்கள் நூலகத்தில் எது இருக்கிறதோ அது போதும். இரண்டும் இருந்தால் இரண்டிலும் தேடுவது வீண் வேலையல்ல. ஒன்றில் இல்லாத இதழ்கள் மற்றதில் இருக்கும்.

சயின்ஸ்டைரக்ட், வைலி, எமரால்டு ஆகியவை வேறு ரகம். அவை பதிப்பகங்களின் சொந்தத் தளங்கள். தங்கள் சரக்கை மட்டுமே காட்டும். ‘ஜர்னல் ஆஃப் அக்கவுன்டிங் அண்ட் எகனாமிக்ஸ்’ சயின்ஸ்டைரக்டில் இருக்கிறது. ‘ஜர்னல் ஆஃப் அக்கவுன்டிங் ரிசர்ச்’ வைலியில். 1926 முதல் வரும் ‘தி அக்கவுன்டிங் ரிவ்யூ’வோ அமெரிக்கக் கணக்கியல் சங்கத்தின் இதழ். ஒரு பதிப்பகத்தின் தளத்தில் மட்டும் தேடிவிட்டு “துறையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள்” என்று முடிவுக்கு வருவது, ஒரே ஒரு அலமாரியைப் பார்த்துவிட்டு நூலகத்தை எடைபோடுவது போன்றது.

ஜேஸ்டோர் பழைய கட்டுரைகளுக்குச் சுரங்கம். புதியவற்றுக்கு உதவாது, பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டு இதழ்கள் அதில் இருக்காது. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பதற்கு. கட்டுரையின் முழு உரையை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம்.

என் ஆய்வுத் தலைப்பை அப்படியே தட்டினேன். ஒன்றுமே வரவில்லையே?

தரவுத்தளத்துக்குக் கேள்வி புரியாது. நீங்கள் தட்டிய சொற்கள் கட்டுரையின் தலைப்பிலோ சுருக்கத்திலோ பொருள் தலைப்புகளிலோ இருக்கின்றனவா என்றுதான் அது பார்க்கும். ஆகவே, வாக்கியத்தைக் கொடுக்காமல், கட்டுரை எழுதியவர் என்ன சொல்லை எழுதியிருப்பார் என்று ஊகித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு செய்தே பார்ப்போம். “தணிக்கையாளரை அடிக்கடி மாற்றினால் நிறுவனங்கள் இலாபக் கணக்கில் செய்யும் தில்லுமுல்லு குறையுமா?” நல்ல கேள்வி. இதில் இரண்டே இரண்டு கருத்துகள்தான் இருக்கின்றன: தணிக்கையாளரை மாற்றுவது, இலாபத்தைத் திருத்திக் காட்டுவது. ‘அடிக்கடி’, ‘குறையுமா’, ‘நிறுவனங்கள்’ எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். வணிகத் தரவுத்தளத்தில் ‘நிறுவனம்’ என்று தேடுவது கடலில் தண்ணீரைத் தேடுவது போல.

இனி ஒவ்வொரு கருத்துக்கும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர். தில்லுமுல்லை அவர்கள் ‘ஃபிராடு’ என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். விதிகளுக்கு உட்பட்டே இலாபத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டுவதற்கு ‘எர்னிங்ஸ் மேனேஜ்மென்ட்’ என்று பெயர். அதை அளக்கும் முறையை ஒட்டி ‘டிஸ்கிரிஷனரி அக்ரூவல்ஸ்’ என்றும் எழுதுவார்கள். பிரிட்டிஷ் எழுத்தில் ‘கிரியேட்டிவ் அக்கவுன்டிங்’ என்ற சொல்லும் புழங்கும். தணிக்கையாளர் பக்கம் ‘ஆடிட்டர் ரொட்டேஷன்’, ‘ஆடிட்டர் டென்யூர்’, ‘ஆடிட் ஃபர்ம் ரொட்டேஷன்’.

மேம்பட்ட தேடல் பக்கத்தில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். முதல் பெட்டியில்: “ஆடிட்டர் ரொட்டேஷன்” ஆர் “ஆடிட்டர் டென்யூர்” ஆர் “ஆடிட் ஃபர்ம் ரொட்டேஷன்”. இரண்டாவது பெட்டியில்: “எர்னிங்ஸ் மேனேஜ்மென்ட்” ஆர் “டிஸ்கிரிஷனரி அக்ரூவல்ஸ்” ஆர் “கிரியேட்டிவ் அக்கவுன்டிங்”. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஆண்ட். ஆர் என்றால் ஏதாவது ஒன்று வந்தால் போதும்; ஆண்ட் என்றால் இரண்டுமே வர வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு கருத்து; பெட்டிக்குள் ஆர், பெட்டிகளுக்கு இடையே ஆண்ட். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் நகாசு வேலை.

அந்தப் பெயர்கள் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் ஏன் தேடுகிறேன்?

நியாயமான கோபம். முதல் தேடலை அரைகுறைச் சொற்களோடு செய்யத்தான் வேண்டியிருக்கும். அதில் ஓரளவு பொருந்துகிற ஒரே ஒரு கட்டுரை கிடைத்தால் போதும். அதை உடனே படிக்க வேண்டாம். அதன் பதிவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘சப்ஜெக்ட் டெர்ம்ஸ்’ என்ற வரியில் தரவுத்தளம் அந்தக் கட்டுரைக்குச் சூட்டிய பொருள் தலைப்புகள் இருக்கும். அதற்குப் பக்கத்தில் கட்டுரையாசிரியரே கொடுத்த குறிச்சொற்களும் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த சொற்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

பொருள் தலைப்பின் பலம் இதுதான்: கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும், ஒரே விஷயத்தைப் பற்றிய கட்டுரைகளுக்கு ஒரே தலைப்பைக் கொடுக்க முயல்வார்கள். அதைச் சொடுக்கினால் சொல் மாறியதால் தப்பிப்போன கட்டுரைகளும் வந்து சேரும். அண்மையில் சேர்ந்த பதிவுகளில் தலைப்பிடல் சில நேரம் சொதப்பலாக இருக்கும் என்பதால் குறிச்சொல் தேடலையும் கைவிடாதீர்கள்.

பொருளாதாரம் சார்ந்த பணித்தாள்களில் (இதழில் வருவதற்கு முன் வெளியிடும் வரைவுகளில்) எந்தத் துறை என்று காட்டும் ‘ஜெல்’ குறியீடுகளும் இருக்கும். எம்41 என்றால் கணக்கியல், எம்42 என்றால் தணிக்கை.

சரக்கிருப்பு மதிப்பீடு பற்றித் தேடினால் பங்குச் சந்தைக் கட்டுரைகள் வந்து கொட்டுகின்றன. ஏன்?

‘ஸ்டாக் வேல்யுவேஷன்’ என்று தட்டியிருப்பீர்கள். பிரிட்டிஷ் கணக்கியல் எழுத்தில் ‘ஸ்டாக்’ என்றால் கிடங்கில் உள்ள சரக்கு. அமெரிக்க எழுத்தில் நிறுவனத்தின் பங்கு. சரக்கு வேண்டும் என்றால் ‘இன்வென்டரி’ என்று தேடுங்கள். இந்தத் துறையில் ஒரே சொல் இரண்டு வேடம் போடுவதும், ஒரே பொருள் இரண்டு பெயரில் உலவுவதும் சர்வ சாதாரணம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பணத்தை ‘டெட்டர்ஸ்’ என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் ‘அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்’ என்பார். ‘டர்ன்ஓவர்’ இன்னும் மோசம்: ஒரு கட்டுரையில் விற்பனை வருவாய், இன்னொன்றில் சரக்கு எத்தனை முறை விற்றுத் திரும்பியது என்ற விகிதம், மனிதவளக் கட்டுரையில் வேலையை விட்டுப் போனவர்கள். அந்தச் சொல்லைத் தனியாகத் தட்டிவிட்டு முடிவுகளைத் திட்டுவதில் பயனில்லை.

விதிகளின் எண்களிலும் இதே வம்பு உண்டு. பன்னாட்டுக் கணக்கியல் விதிகளில் குத்தகைக் கணக்கியலுக்கு இப்போது ஐஎஃப்ஆர்எஸ் 16. அது 2016இல் வெளியாகி 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது ஐஏஎஸ் 17. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்று மட்டும் தேடினால், குத்தகைக் கடனை இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே வைப்பது சரியா என்று அதற்கு முன் பல ஆண்டுகள் நடந்த விவாதத்தில் பெரும்பகுதி கண்ணில் படாது. அமெரிக்கப் பக்கம் இன்னும் குழப்பம். அங்கே 2009இல் விதிகளையெல்லாம் ஒரே தொகுப்பாக்கி எண்களை மாற்றினார்கள். நற்பெயர் (‘குட்வில்’) பற்றிய பழைய எஸ்எஃப்ஏஎஸ் 142, தொகுப்பில் ஏஎஸ்சி 350 ஆகிவிட்டது. இரண்டு எண்களையும் ஆர் போட்டுச் சேர்த்துத் தேடுங்கள்; அதோடு ‘குட்வில் இம்பேர்மென்ட்’ என்று பெயரையும் சேருங்கள். விதியின் எண்ணைச் சொல்லாமலே முழுக் கட்டுரையையும் எழுதுபவர்கள் உண்டு.

மேற்கோள்குறி, நட்சத்திரக்குறி, நாட். இவற்றை எப்போது போடுவது?

இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டும் என்றால் மேற்கோள்குறி. சொல்லின் வால் மாறலாம் என்றால் நட்சத்திரக்குறி: ‘ஆடிட்’ என்பதன் பின்னால் அதைப் போட்டால் ஆடிட்டர், ஆடிட்டிங், ஆடிட்டர்ஸ் எல்லாம் வரும். ஆடிட்டோரியமும் வரும். ‘அக்கவுன்ட்’ என்பதன் பின்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் ‘இதற்குக் காரணமாகிறது’ என்று சொல்லவும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கணக்கியலோடு எந்த உறவும் இல்லாத கட்டுரைகள் மலைபோல் குவியும்.

இரண்டு சொற்கள் ஒட்டியே வர வேண்டாம், பக்கத்தில் வந்தால் போதும் என்றால் எப்ஸ்கோவில் நடுவே என்5 என்றும் புரோக்வெஸ்டில் நியர்/5 என்றும் போடலாம். ஐந்து சொற்களுக்குள் வந்தால் பிடித்துக் கொடுக்கும். மேற்கோள்குறியின் கெடுபிடிக்கும் ‘ஆண்ட்’ என்பதன் தாராளத்துக்கும் நடுவில் உள்ள இந்த வசதியைப் பலரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு சொல் உள்ள கட்டுரைகளை விலக்கும் நாட் வேண்டாம். ‘நாட் பேங்க்’ என்று போட்டால், “வங்கிகளைத் தவிர்த்து மற்ற எல்லா நிறுவனங்களையும் ஆராய்ந்தோம்” என்று எழுதிய, உங்களுக்குத் தேவையான அதே கட்டுரையையும் அது தூக்கி எறிந்துவிடும்.

சுருக்கம் மட்டும்தான் இருக்கிறது. முழுக் கட்டுரைக்கு எங்கே போவது?

முதலில் பதிவின் பக்கத்தில் முழு உரையைத் தேடும் இணைப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு நூலகமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். அதை அழுத்தினால், நூலகம் சந்தா கட்டிய வேறு தளத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று தேடிக் கொண்டுபோகும். சில பதிப்பகங்கள் புதிய இதழ்களைத் தரவுத்தளத்துக்குக் கொடுக்காமல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைக்கும். அதனால்தான் புதிய கட்டுரைகளில் இந்தத் தொல்லை அதிகம்.

அங்கும் இல்லையா? எஸ்எஸ்ஆர்என் தளத்தில் தலைப்பைத் தட்டிப் பாருங்கள். கணக்கியல், நிதித்துறை ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை இதழில் வருவதற்கு முன்பே பணித்தாளாக அங்கே ஏற்றிவைப்பது வழக்கம். ஆனால் கவனம்: இதழில் வரும் வடிவம் வேறாக இருக்கலாம். மதிப்பாய்வாளர் கேட்டதற்காக அட்டவணையையே மாற்றியிருப்பார்கள். சில நேரம் தலைப்பும் மாறியிருக்கும். படிக்கப் பணித்தாள் போதும், எண்ணை எடுத்து மேற்கோள் காட்டும் முன் அச்சான வடிவத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

எதுவும் இல்லை என்றால் நூலகங்களுக்கு இடையிலான இரவல் சேவையில் விண்ணப்பியுங்கள். வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பதிப்பகத்தின் பக்கத்தில் பணம் கட்டுவது கடைசி வழி கூட இல்லை என்பேன்.

இன்னொன்று. ‘முழு உரை மட்டும்’ என்ற கட்டத்தை ஆரம்பத்திலேயே டிக் செய்யாதீர்கள். வேறு தளத்தில் உங்கள் நூலகத்துக்குக் கிடைக்கும் கட்டுரைகளையும் அது கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

‘பியர் ரிவ்யூ’ (மதிப்பாய்வு) கட்டத்தை டிக் செய்துவிட்டேன். வருவதெல்லாம் ஆய்வுக் கட்டுரைதானே?

இல்லை. அந்தக் கட்டம் சலிப்பது இதழைத்தான், கட்டுரையை அல்ல. மதிப்பாய்வு இதழில் வரும் ஆசிரியவுரையும் நூல் மதிப்புரையும் அந்தச் சல்லடையைத் தாண்டி வந்துவிடும். இரண்டு பக்கமே உள்ள ‘கட்டுரை’யைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

1922 முதல் வரும் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ பற்றி வாரம் ஒருவராவது கேட்பார். பெயரில் ரிவ்யூ இருக்கிறது, முன்னால் ஹார்வர்டும் இருக்கிறது. ஆனால் அது மதிப்பாய்வு இதழ் அல்ல, மேலாளர்களுக்காக எழுதப்படும் பத்திரிகை. பயனுள்ள பத்திரிகைதான். உங்கள் வகுப்பாசிரியர் “மதிப்பாய்வு செய்யப்பட்ட ஐந்து கட்டுரைகள்” என்று கேட்டிருந்தால் அந்த ஐந்தில் அதைச் சேர்க்க முடியாது. அமெரிக்கக் கணக்காளர்களின் ‘ஜர்னல் ஆஃப் அக்கவுன்டன்சி’யும் அப்படியே: பெயரில் ஜர்னல், உள்ளே தொழில்துறைப் பத்திரிகை. புதிய விதி ஒன்றை நடைமுறையில் எப்படிக் கையாள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இத்தகைய பத்திரிகைகளே முந்தி உதவும். ஆய்விதழ்க் கட்டுரை அச்சுக்கு வர ஆண்டுகள் ஆகும்.

இதழ் தரமானதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆஸ்திரேலிய வணிகக் கல்வி முதல்வர்களின் மன்றமான ஏபிடிசி வெளியிடும் பட்டியல் உண்டு. இதழ்களை ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும். ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் ஐம்பது இதழ்களின் பட்டியல் வைத்திருக்கிறது. இவை இதழுக்கான தரம். நல்ல இதழில் சுமாரான கட்டுரையும் வரும், சிறிய இதழில் அருமையான கட்டுரையும் வரும்.

கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகள் மட்டும் போதுமா?

வகுப்பாசிரியர் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். சொல்லவில்லை என்றால், ஆண்டு வரம்பை நாட்காட்டியைப் பார்த்து வைக்காமல் விதியைப் பார்த்து வையுங்கள். மேலே பார்த்த தணிக்கையாளர் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 2001 கடைசியில், கணக்கு மோசடி அம்பலமாகி, அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் விழுந்தது, அதைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சனும் தொடர்ந்து சரிந்தது. 2002இல் அமெரிக்காவில் தணிக்கையை இறுக்கிய சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் தணிக்கை நிறுவனத்தையே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விதி செய்து, 2016 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது. இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவுகளை ஆண்டுவாரியாகப் பார்த்தால், யார் எந்த விதிக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது விளங்கும். ஐந்தாண்டு வரம்பு போட்டவருக்கு இந்தச் சண்டையின் முதல் பாதி தெரியாமலே போய்விடும்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டது. மறுபடியும் தேடுபெட்டிக்கே போக வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டே முன்னும் பின்னும் நடக்கலாம். பின்னால் போவது என்றால் அதன் மேற்கோள் பட்டியலைப் படிப்பது. முன்னால் போவது என்றால், ‘சைட்டட் பை’ என்ற இணைப்பை அழுத்தி, அதற்குப் பின் அதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பது. 1968இல் ரே பாலும் பிலிப் பிரவுனும் ‘ஜர்னல் ஆஃப் அக்கவுன்டிங் ரிசர்ச்’சில் எழுதிய கட்டுரை, அறிவிக்கப்படும் இலாபத்துக்கும் பங்கு விலைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தது. அதை மேற்கோள் காட்டியவர்களைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் விரியும். பயப்பட வேண்டாம்: அந்தப் பட்டியலுக்குள்ளேயே உங்கள் சொற்களைத் தட்டித் தேடும் வசதி கூகுள் ஸ்காலரில் இருக்கிறது.

நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் இங்கே கிடைக்குமா?

அது கட்டுரை அல்ல. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் முதலீட்டாளர் பகுதிக்குப் போங்கள். அமெரிக்கச் சந்தையில் பட்டியலிட்ட அமெரிக்க நிறுவனம் என்றால் அரசின் எட்கர் தளத்தில் 10-கே என்ற ஆண்டறிக்கை இலவசம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி பத்துக் கட்டுரைகளின் பட்டியலைக் கொடுத்தது. ஒன்றும் தரவுத்தளத்தில் இல்லை. நூலகத்தில் சந்தா இல்லையோ?

கட்டுரையே இல்லாமலும் இருக்கலாம். உண்மையான ஆய்வாளரின் பெயர், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு. மூன்றையும் கோத்து இல்லாத கட்டுரையை உருவாக்கிவிடுவது இந்தச் செயலிகளிடம் உள்ள வழக்கம். பட்டியலில் டிஓஐ எண் இருந்தால் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண், 10 என்று தொடங்கும்) அதை டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றாலோ, உழவு இயந்திரம் பற்றிய கட்டுரைக்குக் கொண்டுபோனாலோ, விஷயம் முடிந்தது. எண் இல்லை என்றால் இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து பக்க எண்ணைச் சரிபாருங்கள். ஒரு கருத்துக்கு வேறு என்னென்ன பெயர்கள் உண்டு என்று அதே செயலியிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

நேற்றுச் சேமித்து வைத்த இணைப்பு இன்று திறக்கவில்லை.

உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்திருப்பீர்கள். பல தரவுத்தளங்களில் அந்த முகவரி உங்கள் அன்றைய அமர்வுக்கு மட்டுமே, வெளியேறியதும் செத்துவிடும். பதிவின் பக்கத்தில் ‘பெர்மாலிங்க்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத்தான் சேமிக்க வேண்டும். இதை அனுபவித்துக் கற்றேன். ஒரு முறை ஒரு வகுப்புக்காகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய நாற்பது கட்டுரைகளின் இணைப்புகளை இரவோடு இரவாக அனுப்பிவைத்தேன். காலையில் நாற்பதும் ஒரே பிழைச் செய்தியைக் காட்டின. தலைப்புகளை எழுதி வைக்கவில்லை.

இப்போதெல்லாம் சோட்டிரோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பதிவையும் சேர்த்துவிடுகிறேன். தேடலையே சேமித்து, புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் வசதியும் தரவுத்தளத்தில் இருக்கிறது.

நூலகரிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில். இதுவரை தட்டிய சொற்கள், எந்தத் தரவுத்தளத்தில் தட்டினீர்கள் என்பதோடு. ஓரளவாவது பொருந்திய ஒரு கட்டுரை இருந்தால் அதுவும். ‘மார்க்கெட்டிங் பற்றி ஏதாவது’ என்று வந்தால் முதல் கால் மணி நேரம் நான்தான் உங்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன்.